கண்ணாடிக்குப் பதிலாக ஒரு மானிட்டர்

கண்ணாடி போடுவதைத் தள்ளிப்போடத்தான் நான் மானிட்டர் வாங்கினேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு என் மனைவியிடம் வேறு காரணங்கள் சொன்னேன். லேப்டாப் பழசாகிவிட்டது, திரையில் வெளிச்சம் குறைந்துவிட்டது, குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது என்றேன். மூன்றும் உண்மைதான். நாலாவது ஒன்று இருந்தது, அதை மட்டும் சொல்லவில்லை.

என் தொழில் எம்ப்ராய்டரி பஞ்சிங். திருப்பூருக்கு வெளியே யாரிடமாவது இப்படிச் சொன்னால் குத்துச்சண்டை பழக்குகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு சிங்கமோ பூவோ நூலால் தைத்திருக்கும் அல்லவா, அதைத் தைக்கும் மெஷினுக்குப் படம் புரியாது. ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், எப்போது நூலின் நிறம் மாற வேண்டும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்ல வேண்டும். சட்டைக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தைக் கணினியில் வைத்து, அதன் மேல் அந்தப் புள்ளிகளைப் போட்டுக்கொடுப்பது என் வேலை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறைதான் என் அலுவலகம்.

லேப்டாப் எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வாங்கியது. இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். பேட்டரி செத்துப்போய் வருடக்கணக்காகிறது, வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். மூடியின் கீல் உடைந்துவிட்டதால், திரை பின்னால் சாயாமல் இருக்க ஒரு காலி நூல் கோனை முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். இருந்தாலும் அதை மாற்ற முடியவில்லை. பஞ்சிங் செய்யும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். புதிய லேப்டாப்பில் போட்டால் திறக்கவே மறுக்கிறது. என் இத்தனை வருட டிசைன்களும் அதற்குள்தான். அதன் விசிறி இரைகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

புள்ளிகள் கலங்க ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் நாற்காலியை முன்னால் இழுத்தேன். பிறகு மூடியை முன்னால் சாய்த்தேன். பிறகு திரையில் படத்தைப் பெரிதாக்கி வேலை செய்தேன். பெரிதாக்கினால் புள்ளி தெரியும், ஆனால் முழு டிசைன் தெரியாது. சிங்கத்தின் காது ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும்.

என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நான் எம்ப்ராய்டரி பிரிவில், அவள் செக்கிங்கில். தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதை அவள் பத்தொன்பது வருடம் செய்தாள். கம்பெனி பல்லடம் பக்கம் மாறிப்போனபோது, அவ்வளவு தூரம் வேனில் போய்வர முடியாது என்று நின்றுவிட்டாள். அப்படிப்பட்டவளிடம் எதை மறைக்க முடியும்?

ஒருநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மூக்கு திரையில இடிக்கி. கண்ணு டாக்டரப் போயி பாருங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. லேப்டாப்புதான் மங்கிப்போச்சு."

"மசாலா பாக்கெட்டுல தேதி படிக்கச் சொன்னப்பமும் பாக்கெட்டுதான் மங்கிப்போச்சோ?"

எனக்கு அப்போது நாற்பத்தைந்து முடிந்திருந்தது. அந்த வயதில் எல்லோரும்தான் கண்ணாடி போடுகிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் பஞ்சிங் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அவன் கண்ணுக்கு ஒரு தையல் தப்பாது என்பார்கள். கண்ணாடியோடு யாராவது பார்த்தால் அந்தப் பெயர் போய்விடும் என்று ஒரு பயம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

அந்த வாரமே பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போனேன். அவளும் கூட வந்தாள். கடைக்காரர் என் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இதயா இன்னும் ஓட்டிட்டிருக்கறீங்க?"

"ஓடுதுங்க. பெருசா ஒரு மானிட்டர் மட்டும் மாட்டணும்."

"மாட்டலாமுங்க. இதுல பழைய மாதிரி ஓட்டைதான் இருக்குது. அதுக்குப் பொருந்தற மானிட்டர் ஒண்ணு கெடக்குது, பாருங்க."

ஏதோ ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்து வந்த மானிட்டர். என் லேப்டாப்பைப் போல இரண்டு மடங்கு அகலம். இரண்டு பக்கமும் திருகு வைத்த நீலத் தலை கேபிள் அதனுடன் வந்தது. ஸ்கூட்டரில் மனைவி அதைக் குறுக்கே மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பனியன் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று பக்கத்தில் உரசுவது போல வந்ததும் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து, "மெல்லமாப் போங்க, எனக்கு ஒண்ணும் ஆகாது, இது ஒடஞ்சிரும்" என்றாள்.

மகளின் படிப்பு மேசை காலியாக இருந்தது. அதை முன்னறைக்கு இழுத்து வந்து, லேப்டாப்பையும் மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கேபிளைத் திருகி மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மானிட்டரில் கறுப்புதான் வந்தது. கீபோர்டில் திரையை மாற்றுகிற பொத்தானைத் தேடினேன். அதன் மேலிருந்த படம் தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாக அமுக்கினேன். சத்தம் கூடியது, குறைந்தது, லேப்டாப் தூங்கப் போனது, எழுந்தது. கடைசியில் மானிட்டர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டி, எங்கள் மகள் சின்ன வயதில் மருதமலையில் நிற்கும் படத்தைக் காட்டியது. லேப்டாப்பில் வருடக்கணக்காகப் பார்த்த படம்தான். அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. முன்பல் விழுந்திருந்தது அதில் தெரிந்தது.

மவுஸை வலது பக்கமாகத் தள்ளினேன். அம்பு லேப்டாப்பின் ஓரத்துக்குப் போய் மறைந்து, மானிட்டரில் நுழைந்தது.

"இங்கருந்து அங்க எப்படிப் போச்சு?" என்றாள். திரும்பக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். இன்னொரு தடவை என்றாள்.

அவள் சமையலறைக்குப் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மானிட்டரில் எழுத்துகள் எல்லாம் கூர்மையாக, ஆனால் சின்னதாக இருந்தன. ரெசல்யூஷனைக் குறைத்தேன். எழுத்து பெரிதானது. இன்னும் குறைத்தேன். ஐகான்கள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தன. ஓரங்கள் கொஞ்சம் கலங்கியிருந்தன, பஞ்சை ஒட்டியது போல. எனக்கு எல்லாமே கலங்கித்தானே தெரிந்தது, அதனால் அது பெரிய விஷயமாகப் படவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தபோது, டாக்டரிடம் போகாமலேயே கண் சரியாகிவிட்டதாக நினைத்தேன்.

மானிட்டர் வந்ததில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் எங்கள் கட்டில். லேப்டாப்பில் நான் வேலை செய்தவரை என் முதுகு திரையை மறைத்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் என்ன செய்கிறேன் என்று அவள் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் ஏதோ பார்க்கிறார், அதற்குக் கூலி தருகிறார்கள் என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். இப்போது கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாலும் எல்லாம் தெரிந்தது.

"அது என்ன கோடு, இலைக்கு நடுவுல குறுக்கப் போவுது?"

"ஊசி ஒரு இலையத் தெச்சு முடிச்சுட்டு அடுத்த இலைக்குத் தாண்டற பாதை. அந்த நூலை அப்புறம் வெட்டீருவாங்க."

"அப்ப நாங்க ஒக்காந்து வெட்டுன நூலெல்லாம் நீங்க போட்ட கோடுதானா?"

ஆமாம் என்றேன். செக்கிங்கில் இருந்தபோது பின்பக்கம் தொங்கும் நூலை வெட்டி வெட்டி விரல் காய்த்துப்போனதையும், யார் இப்படிக் கண்டபடி தாண்டவிடுகிறான் என்று அங்கே எல்லோரும் திட்டியதையும் சொன்னாள். திட்டு வாங்கியவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து தாண்டுகிற பாதைகளைக் குறைத்துப் போடப் பழகினேன். நிஜமாகவே டிசைன் நன்றாக வந்தது.

கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது எல்லாம் கட்டிலுக்கு மாறின. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மானிட்டரில் ஒரு பூவின் மேல் சிவப்பு அம்பு இருந்தது. மவுஸை அசைத்தேன், அம்பு அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் அது ஸ்டிக்கர் என்று தெரிந்தது. வேலையை விட்டபோது பாதிச் சுருள் அவள் பையிலேயே வந்துவிட்டிருந்தது.

"திரையில போய் ஒட்டுவாங்களா?"

"வாய்ல சொன்னா ஒங்களுக்கு எடம் தெரியாதுல்லா. அதுல பாருங்க, காம்புக்கும் பூவுக்கும் நடுவுல எடவெளி."

பெரிதாக்கிப் பார்த்தேன். இடைவெளி இருந்தது. தைத்தால் அந்த இடத்தில் துணி பல்லைக் காட்டும். சரிசெய்தேன். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. ஸ்டிக்கரை உரித்தால் பசை ஒட்டிக்கொள்கிறது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஈரத் துணி ஒன்றை மானிட்டருக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள். ஒரு வாரத்தில் ஏழு ஸ்டிக்கர் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். அவள் பார்த்ததெல்லாம் சரியாக இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

பிறகு அந்த வட்ட முத்திரை வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் படகு கிளப்புக்கான போலோ சட்டை. நடுவில் நங்கூரம், சுற்றிலும் வளைவாகச் சின்ன எழுத்தில் அவர்கள் மொழியில் ஒரு வரி. மங்கலம் சாலையில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருப்பவர் அவசரம் என்றார். காலையில் முடித்து அவருக்கு அனுப்பிவிட்டேன். அன்று அவள் தண்ணீர் லாரி வரும் என்று வாசலில் காத்திருந்ததால் பார்க்கவில்லை. பதினோரு மணிபோல உள்ளே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மானிட்டரைப் பார்த்தாள். ஒரு பக்கம் பையர் தந்த படம், பக்கத்தில் நான் போட்டது.

"இது அனுப்பியாச்சா?"

"ஆச்சு. ஏன்?"

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அந்த மொழி எங்கள் இருவருக்குமே தெரியாது. அவள் வாசிக்கவில்லை. இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்ப்பது போலப் பார்த்தாள். விரலை மானிட்டரில் வைத்தாள்.

"இங்கன பாருங்க. அவங்க படத்துல இந்த எழுத்துக்கு வாய் தெறந்திருக்கு. ஒங்களதுல குறுக்க ஒரு கோடு போட்டு மூடியிருக்கு."

நான் எழுந்து மானிட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. பையரின் படத்தைப் பெரிதாக்கினேன். 'c'. என்னுடையதைப் பெரிதாக்கினேன். 'e'.

மெஷின்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, அந்த நங்கூரம் டிசைன் ஓட்டீட்டீங்களாங்க?"

"முதல் ஓட்டம் இப்பத்தானுங்க எறங்குது. பன்னண்டு பீஸ். ஏனுங்க?"

"நிறுத்துங்க. ஒரு எழுத்து தப்புங்க. நான் நேர்ல வாரனுங்க."

அவர் நிறுத்தச் சொல்லி யாரிடமோ இந்தியில் "பந்த் கரோ, பந்த் கரோ" என்று கத்தியது கேட்டது. மெஷின் ஓட்டுபவர்கள் பீகார்க்காரர்கள். சத்தம் அடங்கியது.

எழுத்தை மாற்றி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். "இருங்க, நானும் வாரேன்" என்று அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் அவளாவது ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தப் பன்னிரண்டு முன்பக்கத் துணிகளும் மேசையில் அடுக்கி இருந்தன. வெட்டிய துணி உபரியாக இருந்ததால் ஆர்டர் தப்பியது. மெஷின்காரர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாங்க பாத்திருந்தாக் கண்டுபிடிச்சிருக்க மாட்டமுங்க. இது மொத்தமும் ஓடிப் போயிருக்கும். நீங்க எப்படிங்க திரும்பப் பாத்தீங்க?"

ஆமாம், திரும்பப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று நூல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் மறுத்திருக்கவும் மாட்டாள்.

"நான் பாக்கலீங்க. எனக்குத் தெரியல. ஊட்டுல அவங்கதான் பாத்தாங்க" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, நீங்களும் பஞ்சிங் படிச்சிருக்கறீங்களா?"

"இல்ல அண்ணாச்சி, நான் செக்கிங்."

அவ்வளவுதான் சொன்னாள். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும், செக்கிங்கில் இருந்தேன் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கண் மருத்துவமனைக்குப் போனோம். இந்த முறை அவள் சொல்லவும் இல்லை, நான் மறுக்கவும் இல்லை. கையில் ஓர் அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். டாக்டரம்மா கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

சொன்னேன்.

"இந்தக் கண்ண வெச்சுட்டா? மூணு வருசத்துக்கு முன்னாடியே வந்திருக்கணுமே."

"கம்ப்யூட்டர் பெருசா வாங்கியிருக்காங்க, டாக்டர்" என்று என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததோடு வந்தது என்று அவளையும் பார்த்தார்கள். அவள் கடைசி வரி வரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு, இதற்குக் கீழே வரி கிடையாதா என்று கேட்டாள்.

மூன்று நாளில் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். கீபோர்டின் இடுக்கில் இருந்த தூசி வரைக்கும் தெரிந்தது. ஆனால் மானிட்டரைப் பார்த்தால் எல்லாம் கலங்கல். கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், துடைத்தேன். மானிட்டர் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரருக்குப் போன் செய்து கொஞ்சம் கோபமாகவே பேசினேன். சாயங்காலம் அந்தப் பக்கம் வந்தபோது அவரே வீட்டுக்கு வந்தார். மவுஸை நாலு தடவை அழுத்தினார்.

"மானிட்டருக்கு ஒண்ணுமில்லீங்ணா. யாரோ ரெசல்யூஷன ரொம்பக் கொறச்சு வெச்சிருக்கறாங்க. கொழந்தைக யாராச்சும் நோண்டுனாங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டில் குழந்தைகள் யாரும் இல்லை.

அவர் அதைச் சரியான அளவுக்கு மாற்றியதும் மானிட்டர் முழுவதும் சட்டென்று கூர்மையானது. ஒவ்வொரு ஊசிப் புள்ளியும் தனித்தனியாக, வரிசையாக நின்றது. அவர் போன பிறகு போன வருடம் செய்த டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு குதிரைக்குக் கண் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஒரு வரியில் எழுத்துகள் சரிந்திருந்தன. எல்லாம் தைத்து, கப்பலேறி, எங்கோ யாரோ போட்டுக்கொண்டிருக்கும் சட்டைகள். அவள் பக்கத்தில் வந்து நின்று குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்ல, தூக்கக் கலக்கத்துல இருக்கிற குதிரைன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள்.

இப்போது நான் கண்ணாடி போட்டுக்கொண்டு லேப்டாப்பிலேயே வேலை செய்கிறேன். முடித்ததை மானிட்டருக்குத் தள்ளிவிடுவேன். அது அவளுடைய இடம். கட்டிலில் இருந்து பார்ப்பதை விட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் வலது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். படத்தையும் டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மவுஸை அவளே நகர்த்திப் பார்ப்பாள். அவள் சரி என்று சொல்லாமல் எந்த டிசைனும் வீட்டை விட்டுப் போவதில்லை. மெஷின்காரர் போன் செய்தால் முதல் கேள்வியே, "அம்மிணி பாத்தாச்சுங்களா?" என்பதுதான். லேப்டாப்பையும் மானிட்டரையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று வாங்கச் சொல்லி மகள் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். புதுசாக வாங்கினால் இரண்டு பேர் எப்படி உட்கார்வது என்று அவள் அம்மா கேட்கிறாள்.

இன்று காலை ஒரு சேவல் டிசைன். குழந்தைகள் சட்டைக்கு. படத்தில் இருந்தபடியே போட்டு முடித்து மானிட்டருக்குத் தள்ளினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எங்கயாச்சும் விட்டுட்டனா?"

"நீங்க ஒண்ணும் விடல. அவங்க படத்துலதான் தப்பு. சேவலுக்குப் பின்னாடி ஒரு வெரல் இருக்கணும்லா. இதுல முன்னாடி மூணு மட்டுந்தான் இருக்கு."

"பின்னாடி வெரல் உண்டா?"

"உண்டுன்னுதான் நெனைக்கேன்."

பையரின் படத்தில் நாம் கை வைக்கக்கூடாது என்றேன். கை வைக்க வேண்டாம், ஒரு வார்த்தை கேட்கலாமே என்றாள். கேட்பதென்றால் நமக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சேவல் வளர்க்கிறார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். டிசைன் திறந்தபடியே இருக்கிறது. மெஷின்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அவள் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.